சொற்கணக்கும் சரித்திரமும்

சரித்திர நூலில் எழுதப்பட்டதைப் படிப்போர் பலர். எழுதாது விடப்பட்டதைத் தேடுவோர் மிகச் சிலரே. அவ்வாறு விடப்பட்டதை யந்திரத்தின் துணைகொண்டு காணலாமென மேனாட்டறிஞர் மெய்ப்பித்துள்ளனர்.

2010ஆம் ஆண்டின் இறுதியில் ஹார்வர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளரும் கூகிள் கம்பெனியாரும் கூடி, 50 லட்சத்துக்கு மேற்பட்ட புத்தகங்களின் சொற்களைக் கணிப்பொறியால் எண்ணி வெளியிட்டனர். உலகில் அதுகாறும் அச்சேறிய நூல்களில் இது நூற்றுக்கு 4 பங்கு என்பது அவர்தம் மதிப்பு. ஒரு பெயர் எந்த ஆண்டில் எத்தனை முறை அச்சில் வந்ததென்பதை இதனால் அறியலாம்.

மார்க் ஷகால் 1887இல் பிறந்த யூத ஓவியர். ஆங்கில நூல்களில் அவர் பெயர் வளர்ந்துகொண்டே வந்தது. ஜெர்மன் நூல்களிலோ 1936 முதல் 1944 வரை அவரது முழுப்பெயர் வந்தது ஒரே ஒரு முறை! 1946 முதல் 1954 வரையிலோ ஏறக்குறைய 100 முறை. இடையில் நடந்தது யாது? இட்லரின் ஆட்சி 1937இல் மூனிக் நகரில் நவீன ஓவியங்களை ‘இழிந்த கலை’யென்று கேலிக்கு வைத்தது. ஷகாலின் படங்களும் அங்கே தொங்கின. அக்காலத்து ஜெர்மன் நூலொன்றை மட்டும் படிப்பவன் அதில் ஓர் ஓவியர் பெயர் இல்லாததைக் கவனிக்கவும் மாட்டான். பல்லாயிரம் நூல்களை ஒருங்கே நோக்கும்போதே அந்த இன்மை பெரும் பள்ளமாகத் தெரிகிறது.

ஆயினும் எண்ணிக்கை வேதவாக்கன்று. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் எமக்கு இது நாள்தோறும் காணும் உண்மை. செக்ரோலில் ஒருவர் பெயருக்கு நேரே ஒரு நாள் விழும். எத்தனை மேடேறி அவர் பால் வெட்டினார் என்பது அதில் விழாது. கூகிளின் கணக்கிலும் லட்சம் பேர் படித்த நூலும் எவரும் பிரிக்காத நூலும் சமமே. 1800க்கு முந்திய ஆங்கில அச்சில் நீண்டு நின்ற ‘எஸ்’ எழுத்தை ‘எஃப்’ என்று யந்திரம் மயங்கிப் படித்த வேடிக்கையும் உண்டு.

முதற்கணக்கில் இடம்பெற்றவை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ருஷ்யம், சீனம், எபிரேயம் என ஏழு மொழிகள். தமிழ் இல்லை. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடத் தீர்மானித்ததே, அப்பட்டங்கள் நம் அச்சுப் பக்கங்களிலிருந்து எந்த ஆண்டில் உதிரத் தொடங்கின? எவை இன்னும் உதிரவில்லை? மேடையில் இதற்குப் பல விடைகள் கேட்டிருக்கிறோம். எண்ணிச் சொன்ன விடை ஒன்றையும் நாம் கேட்டதில்லை. 1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்படமாக்கி வைத்திருக்கிறது. அங்கிருந்தே எண்ணத் தொடங்கலாம்.