மரபணுவில் பதிந்த தடயம்

நான் பத்திரிகைத் துறையில் சேர்ந்த தொடக்க காலத்தில் நீதிமன்றச் செய்திகளைத் திரட்டும் பணி எனக்குத் தரப்பட்டிருந்தது. கண்கண்ட சாட்சி எவருமில்லாத வழக்கொன்றில், கைரேகை நிபுணர் சாட்சியமளித்து முடித்ததும் மன்றில் நிலவிய அமைதி இன்றும் நினைவிலிருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கிய நச்சுப்பொருளும் நோயாளியின் மரபணுவில் தன் ரேகையை விட்டுச்செல்லும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து வாசித்தபோது, அந்த வழக்கே என் மனதில் எழுந்தது.

மரபணு என்பது அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு. அதில் எழுத்து மாறிவிடுவதையே பாடசாலையில் 'விகாரம்' என்று படித்தோம். எல்லா நஞ்சுகளும் எழுத்துகளை ஒரே விதமாக மாற்றுவதில்லை. புகையிலைப் புகை பெரும்பாலும் குவானினைத் தைமினாக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் சைட்டோசினைத் தைமினாக்கும். ஆகவே, மாற்றத்தின் வகையைக் கொண்டு அதை விளைவித்த பொருளை ஊகிக்கலாம். இம்முறை ஒரு பழைய மர்மத்தைத் துலக்கிய வரலாற்றையே இங்கு எழுத விரும்புகிறேன்.

டன்யூப் நதியின் கிளையாறுகளை அண்டிய பால்கன் கிராமங்களில் விநோதமான சிறுநீரக நோயொன்று இருப்பதை 1950களில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். ஒரு கிராமத்தை நோய் வாட்டும். அடுத்த கிராமம் தப்பிவிடும். ஒரே வீட்டில் பலர் பாதிக்கப்படுவர். சிறுநீரகம் மெல்லச் சுருங்கிச் செயலிழக்கும். பலருக்குச் சிறுநீர்ப் பாதையின் மேற்பகுதியில் புற்றுநோயும் தோன்றும். பரம்பரை, கிணற்று நீர், உலோகங்கள், வைரசு, பூஞ்சணம் எனப் பலவும் சந்தேகிக்கப்பட்டன.

1969இல் யுகோஸ்லாவிய ஆய்வாளர் மிலென்கோ இவிச் வேறொரு காரணத்தை முன்வைத்தார். கோதுமை வயல்களில் அரிஸ்டோலோகியா என்னும் களை மண்டியிருந்தது. அதன் விதை தானியத்தோடு சேர்ந்து அரைபட்டு ரொட்டியில் கலக்கிறது என்றார் அவர். தாமே விளைவித்து, தாமே சுட்ட ரொட்டியைப் பகிர்ந்துண்ட குடும்பங்கள் அவை. ஒரே வீட்டில் நோய் தொடர்ந்ததற்கு இது பொருத்தமான விளக்கமாகும். ஆயினும் அவரது கருத்து நெடுங்காலம் உரிய கவனத்தைப் பெறவில்லை.

துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிய மருந்துண்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைவதை, 1993இல் வன்ஹெர்வெகெம் என்னும் மருத்துவரின் குழு வெளிப்படுத்தியது. வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா அம்மருந்தில் தவறுதலாகச் சேர்ந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்த இவர்களில், முற்காப்பாக அதை அகற்ற இணங்கிய 39 பேரைப் பரிசோதித்தபோது, 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. இம்முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது.

நியூயோர்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் குரோல்மன், குரோவேசிய ஆய்வாளருடன் இணைந்து பால்கன் நோயாளரின் திசுக்களை ஆராய்ந்தார். அரிஸ்டோலோகிக் அமிலம் அடினினோடு ஒட்டிக்கொண்டு அதைத் தைமினாக்குவது. ஏனைய நஞ்சுகளிடம் அரிதாகவே காணப்படும் ரேகை அது. கலங்கள் கட்டுமீறிப் பெருகாமல் காவல் செய்யும் பி53 மரபணுவில், இந்த நோயாளர்களிடம் அதே மாற்றமே மேலோங்கியிருந்தது. சிறுநீரகத் திசுவில் அமிலத்தின் எச்சமும் ஒட்டியிருந்தது. 2007இல் இம்முடிவுகள் வெளியாயின. இவிச்சின் கூற்று மெய்யென்று நிலைநாட்டப்பட 38 ஆண்டுகள் சென்றிருந்தன. அவ்வளவு காலமும் அக்கிராமங்களில் மக்கள் நோயுற்று மடிந்துகொண்டிருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் துயரம்.

கதை அத்துடன் முடியவில்லை. இம்மூலிகை நெடுங்காலம் புழக்கத்திலிருந்த தாய்வான் அதனை 2003இல் தடைசெய்தது. அங்கு 98 ஈரல் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, 78 சதவீதமானவற்றில் இதே ரேகை காணப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன மருந்து உண்டீர் என்று கேட்டால் எவருக்கு நினைவிருக்கும்? மனிதன் மறந்ததை மரபணு மறக்கவில்லை.

இதில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. பூச்சிக்கும் பாம்புக்கடிக்கும் மருந்தென நம் முன்னோர் போற்றிய ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அரிஸ்டோலோகியா இனங்களே. அவற்றிலும் அந்த அமிலம் உண்டு. அரிஸ்டோலோகியா கலந்த மூலிகை மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002இலேயே வகைப்படுத்திவிட்டது. நம் மருத்துவ மரபைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால், மூலிகைதானே, தீங்கு செய்யாது என்று எண்ணுவோர் இன்றும் நம்மிடையே பலர். உண்டவருக்கு அன்றே எதுவும் நேராததால், பின்னாளில் வரும் நோயை எவரும் அந்த மருந்தோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. ஆடும் தின்னாத செடி என்று பெயரிட்டவர்கள் அதன் கசப்பை அறிந்திருந்தார்கள். அதன் நஞ்சு வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும் என்பதை அறிய அவர்களுக்கு வழியிருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.