பழஞ்சக்கரமும் புதுமெருகும்

நம் அடுக்களையிற் புழங்கும் அலுமினியச் சட்டி, ஒரு காலத்தில் கண்காட்சியில் வைக்கத்தக்க அரும்பொருளாய் இருந்தது என்றால் மாணவர் நகைப்பர். 1855ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் இவ்வுலோகக் கட்டிகளை மக்கள் வியந்து நோக்கினர். 1886இல் அமெரிக்கரான சார்ல்சு ஹாலும் பிரெஞ்சுக்காரரான பால் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்னாற்றலால் அதனைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். (இருவரும் பிறந்தது 1863, மறைந்தது 1914. வரலாறு சிலவேளை இப்படியும் விளையாடும்.) விலை வீழ்ந்தபின் அவ்வுலோகம் மோட்டார் வண்டியின் சக்கரத்துக்கும் வந்து சேர்ந்தது.

பந்தய வண்டிகளிற் கம்பி ஆரச் சக்கரங்கள் பெருவழக்காய் இருந்த நாளில், அல்சாசுப் பகுதியின் மோல்சைமில் தொழிற்கூடம் நடத்திய எத்தோரே புகாட்டி, தட்டையான எட்டு ஆரங்களும் பிரேக் டிரமும் ஒன்றாய் வார்க்கப்பட்ட அலுமினியச் சக்கரத்தை ‘டைப் 35’ வண்டியிற் பூட்டினார். சக்கரத்தைக் கழற்றினால் டிரமும் உடன்வரும். பிரேக்கைப் பார்வையிடல் எளிது. 1924 ஆகஸ்டு 3ஆம் நாள் லியோன் பந்தயத்தில் அவ்வண்டிகளை டயர்க்கோளாறு பின்னுக்குத் தள்ளியது. ஆயினும் சக்கரம் புகழ்பெற்றது.

1966இல் செருமனியின் போர்ஷே நிறுவனம் ‘911 எஸ்’ வண்டிக்கு ஐந்து இதழ் வடிவச் சக்கரத்தை அளித்தது. மைனெர்ட்ஸ்ஹாகன் ஊரிலுள்ள ஓட்டோ ஃபூக்ஸ் ஆலை அதனை வார்க்காமல், அழுத்தி அடித்து உருவாக்கியது. மேற்பரப்பில் ‘அனோடைசிங்’ என்னும் மின்வேதி முறையால் கடினமான ஆக்சைடுப் படலம் வளர்க்கப்பட்டது. கண்ணாடிபோல் பளபளப்பதன்று அது. மங்கிய வெள்ளியின் அடக்கமான ஒளி.

வீட்டில் பழஞ்சக்கரம் புதுப்பிப்போர் பெரும்பாலும் இழப்பது இதனையே. சோப்பு நீரால் கழுவி, 400ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை நீர்விட்டுத் தேய்த்து, மெருகுப்பசை பூசினால் முகம் பார்க்கலாம்; படலமோ போய்விடும். ஈரக்காற்றில் அந்தப் பளபளப்பு விரைவில் மங்கும்; மீண்டும் மீண்டும் தேய்க்கவேண்டும். அழுக்கு நீங்கக் காஸ்டிக் சோடா இடுவோரும் உளர். அலுமினியத்தையே அரிக்கும் பொருள் அது. சோப்பு நீரோடும் மென்துணியோடும் நின்றிருந்தால் நலமாய் இருந்திருக்கும்.

அழகின் இழப்பைப் பொறுக்கலாம். உயிருக்கு வரும் கேட்டைப் பொறுக்கவியலாது. மயிரிழை போன்ற வெடிப்பைப் பூச்சால் மறைப்பதும், நெளிந்த விளிம்பை நெருப்பிற் காய்ச்சி நிமிர்த்துவதும் வீட்டில் செய்யத்தகாதவை. வெப்பமுறையாற் பெற்ற வலிமையை வெப்பமே கெடுத்துவிடும். சாயம் ஊடுருவச் செய்து வெடிப்பைக் கண்டறிவோரிடம் முதலில் காட்டல் வேண்டும். பழைய பந்தயச் சக்கரங்களுள் மக்னீசியத்தால் ஆனவையும் உண்டு. அதன் தூள் தீப்பற்றினால் நீரூற்றி அணைக்க முயல்வது பேராபத்து.

ஃபூக்ஸ் சக்கரத்தின் பின்புறத்தில் அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். முன்புறம் மட்டும் மின்னினால் போதாதென்று பின்புறத்தையும் தேய்க்கும் ஆர்வலர், அந்த எண்களையும் சேர்த்தே தேய்த்துவிடுகின்றனர்.