மண்டைக்காடும் மனநல மருத்துவமும்: இரு நோய்ப்பெயர்களின் வரலாறு

இருமுனையப் பிறழ்வு, எல்லைநிலை ஆளுமைக் கோளாறு ஆகியவை மனநல மருத்துவம் தனித்தனியே பெயரிட்ட இரண்டு நிலைகள். முன்னதில் மனநிலை நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ உச்சத்துக்கு ஏறியும் ஆழத்துக்கு இறங்கியும் நிற்கும். பின்னதில் உறவுகளில் ஏற்படும் சிறு உரசலுக்கும் மனம் சில மணி நேரத்துக்குள் பலமுறை கொந்தளித்து அடங்கும். ஒருவரிடமே இரண்டும் அமைவது அரிதல்ல. இருமுனையப் பிறழ்வு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மற்றதும் இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. இந்நோய்கள் பெயர் பெற்ற வரலாற்றையும், பெயரில்லாத காலத்தில் தென் திருவிதாங்கூர் மக்கள் அவற்றுக்குத் தேடிய வழிகளையும் இக்கட்டுரை மண்டைக்காட்டை முன்வைத்து விவரிக்கிறது.

புற்றும் மண்டையப்பமும்

மண்டைக்காடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கு அருகே உள்ள கடலோர ஊர். மந்தைகள் மேய்ந்த காடு 'மந்தைக்காடு' எனப்பட்டு, பின்னர் மண்டைக்காடு ஆனது என்பது ஊர் வழக்கு. இங்குள்ள பகவதி அம்மன் கோயிலில் ஏறத்தாழ 15 அடி உயரப் புற்றே மூலவர். மாசிக் கொடை பத்து நாள் நடைபெறும். கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவதால் இது பெண்களின் சபரிமலை எனப்படுகிறது.

இக்கோயிலின் வழிபாடுகளில் ஒன்று மண்டையப்பம். தலைவலி முதலிய தலை சார்ந்த நோய்கள் தீர வேண்டிக்கொள்வோர் இதைப் படைக்கின்றனர். நோய் எந்த உறுப்பில் இருக்கிறதோ அதன் பெயராலேயே நேர்ந்துகொள்ளும் இவ்வழக்கம், தலைக்குள் நேரும் துன்பத்தையும் உடல் நோய்களின் வரிசையிலேயே வைத்தது. மனம் பேதலித்தவரை நோயாளியாகக் கருதி ஊர் நடுவே அழைத்து வருவதற்கு இது ஒரு வழியாயிற்று.

நாஞ்சில் நாட்டில் வேறு விளக்கங்களும் இருந்தன. இசக்கியம்மன், சுடலைமாடன் கொடைகளில் சாமியாடுவது போற்றப்பட்டது. அதே ஆட்டம் கொடை இல்லாத நாளில் ஒரு பெண்ணிடம் தோன்றினால் பேய்க்கோளாறு எனப்பட்டது. சித்த மருத்துவ நூல்கள் கிரிகை என்றும், ஆயுர்வேதம் உன்மாதம் என்றும் மனநோய்களை வகைப்படுத்தின. சர்ப்பகந்தா வேர் மனக்கொந்தளிப்பைத் தணிக்கப் பயன்பட்டது. அந்த வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், நவீன மனநல மருந்துகளின் முன்னோடிகளில் ஒன்று.

நெய்யூர், ஊளம்பாறை, கீழ்ப்பாக்கம்

மண்டைக்காட்டுக்கு அருகிலுள்ள நெய்யூரில் 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் லண்டன் மிஷன் சார்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். உடல் நோய்க்கு நவீன மருத்துவம் கிராமத்துக்கே வந்துவிட்டது. மனநோய்க்கோ தலைநகர் திருவனந்தபுரத்தின் ஊளம்பாறையில் 1870இல் அமைந்த காப்பகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது.

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதனால் அருகிலிருந்த அரசு மனநல மருத்துவமனை அண்டை மாநிலத்துக்கு உரியதாயிற்று. சொந்த மாநிலத்தின் ஒரே அரசு மனநல மருத்துவமனை சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. 1794இல் தொடங்கிய சென்னைக் காப்பகத்தின் தொடர்ச்சியாக 1871இல் அங்கு அமைந்தது அது. மொழி மாநில இணைப்பு மக்களின் நெடுநாள் போராட்டத்தின் வெற்றி என்றாலும், மனநோயாளியின் குடும்பத்துக்கு அரசு மனநல மருத்துவமனை எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. கோயில் மட்டும் நடந்து போகும் தொலைவிலேயே இருந்தது.

இரு பெயர்கள் பிறந்த கதை

பிரெஞ்சு மருத்துவர் ஃபால்ரே 1850களில் பித்தும் சோர்வும் மாறி மாறிச் சுழலும் நோயை விவரித்தார். 1899இல் ஜெர்மானியரான எமில் கிரேப்பலின் அதை மற்றக் கடும் மனநோய்களிலிருந்து பிரித்துக் காட்டினார். 1957இல் கார்ல் லியோன்ஹார்ட் 'இருமுனை' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அதற்குள், ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் 1949இல் லித்தியம் உப்பு பித்து நிலையைத் தணிப்பதைக் கண்டறிந்திருந்தார்.

எல்லைநிலை என்ற பெயரின் பிறப்பு வேறு. 1938இல் அமெரிக்க உளப்பகுப்பாளர் அடால்ஃப் ஸ்டெர்ன், நரம்புத் தளர்ச்சிக்கும் முழு மனப்பிறழ்வுக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பவர்கள் என்று சிலரைக் குறிப்பிட்டார். அவர்களுக்கு அன்றைய சிகிச்சை பலிக்கவில்லை. மருத்துவருக்குக் கட்டுப்படாதவர் என்ற தொனி அப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1975இல் ஜான் கண்டர்சனும் மார்கரெட் சிங்கரும் அறிகுறிகளை வரையறுத்தனர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இரு பெயர்களும் தனித்தனியே இடம்பெற்றன.

பிறகு எழுந்தது ஒரு நீண்ட விவாதம். எல்லைநிலைக் கோளாறு இருமுனையத்தின் ஒரு வகையே என்றார் ஹாகோப் அகிஸ்கல். இரண்டும் வேறு என்றார் கண்டர்சன். நோய் வகைப்பாட்டைச் சார்ந்தே சிகிச்சையும் அமைந்ததால் நோயாளிகளுக்கு இது முக்கியமான விவாதமாக இருந்தது.

இரண்டும் ஒருவரிடம்

பித்து நிலை ஒரு வாரமேனும் நீடிக்கும். தூக்கம் குறைந்தும் களைப்பு இராது. மனச்சோர்வு இரண்டு வாரமேனும் நிற்கும். எல்லைநிலைக் கோளாற்றின் அலை மணிக்கணக்கானது. கைவிடப்படுவோம் என்ற அச்சம், உள்ளே வெறுமை, தன்னையே காயப்படுத்தும் உந்துதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இரண்டும் சேர்ந்தவருக்கு நீண்ட ஏற்ற இறக்கத்தின் மேல் சிறு அலைகள் ஓயாமல் அடிக்கின்றன. மருத்துவர் ஒன்றைக் கண்டு மற்றதைத் தவறவிடுவதும், வீட்டார் இரண்டையும் குணக்கேடு என்று ஒதுக்குவதும் நடக்கின்றன.

இருமுனையத்துக்கு லித்தியம் போன்ற மருந்துகள் அடிப்படை. மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியே கொடுத்தால் சிலருக்குப் பித்து கிளம்பலாம். எல்லைநிலைக் கோளாற்றுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மையானது. மார்ஷா லைனஹன் 1993இல் நூலாக வெளியிட்ட இயங்கியல் நடத்தைச் சிகிச்சை இதில் புகழ்பெற்றது. இளமையில் தானும் மருத்துவமனையில் அடைபட்டிருந்ததை அவர் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். தொடர்ந்து கவனிக்கப்பட்ட எல்லைநிலை நோயாளிகளில் பெரும்பாலோர் பத்தாண்டுகளுக்குள் அறிகுறிகள் தணியப் பெற்றனர் என்பது பழைய அவநம்பிக்கையைத் தகர்த்த கண்டுபிடிப்பு.

வழிபாடும் மருத்துவமும் சேரும் இடத்தில் சில கவனங்கள் தேவை. லித்தியம் உண்பவர் நீரும் உப்பும் தவிர்த்து விரதமிருந்தால் இரத்தத்தில் அதன் அளவு கூடி நஞ்சாகலாம். மண்டைக்காட்டு ஒடுக்கு பூஜை போன்ற நள்ளிரவு விழாக்களுக்குக் கண்விழிப்பது, இருமுனையம் உள்ளவரிடம் பித்து நிலையைத் தூண்டக்கூடும். விரதத்துக்கு முன் மருத்துவரைக் கேட்பதே போதுமான தீர்வு.

ஏர்வாடிக்குப் பின்

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா அருகே இருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதை விசாரித்தது. வழிபாட்டிடங்களில் விடப்படும் மனநோயாளிகளின் நிலை நாடெங்கும் பேசப்பட்டது.

மறு ஆண்டே வேறொரு சித்திரமும் வெளிவந்தது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ரகுராம் தலைமையிலான குழு ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டது. சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அவர்களில் இருவர் பித்து நிலையிலிருந்த இருமுனைய நோயாளிகள். அங்கு சிறப்பான சடங்கு எதுவும் நடக்கவில்லை. தங்க இடமும் கோயிலின் அன்றாடச் சிறு வேலைகளும் பரிவான சூழலும் இருந்தன. ஏர்வாடிக் காப்பகத்தில் இல்லாதிருந்தவை இவையே.

இன்றைய நிலை

2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்கவும் உரிமை தருகிறது. ஏறியும் இறங்கியும் வாழ்பவர் தெளிந்த நாளில் தனக்காகத் தானே பேசிவைக்க இது வழி செய்கிறது. 1996இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று தமிழ்நாட்டு மாவட்டங்களில் செயல்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தினர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. மண்டையப்பம் நேர்ந்துகொள்ளும் குடும்பம் அதே வாரத்தில் மருத்துவரையும் பார்த்துவிட இன்று தொலைவு ஒரு தடையாக இல்லை. குணக்கேடு என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சி நோயை மறைப்பதே எஞ்சியிருக்கும் பெரிய தடை.