ஆடு போட்ட தடம், பீரங்கிக்குப் போட்ட சாலை

தெற்குப் பிரான்சின் செவென் மலைநாட்டில் சைக்கிள் மிதிப்பவர்களின் கண் எப்போதும் ஒரு சின்னக் குறியைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு முக்கோணம், அதையொட்டி இரண்டு வட்டங்கள். பிரான்ஸ் முழுவதும் மலைச் சைக்கிள் பாதைகளுக்கு அதுதான் அடையாளம். மோன் லோசேர் மலையின் மேல்பரப்புக்கு ஏறிவிட்டால் பாதையோரக் கருங்கற்களில் வேறொரு குறியும் தென்படும்: உளியால் கொத்திய மால்டா சிலுவை. இந்த மலையின் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டு முதல் புனித யோவான் சபையின் வீரத்துறவிகளுக்குச் சொந்தமாக இருந்தது. தங்கள் புல்வெளி எதுவரை என்று காட்ட அவர்கள் செதுக்கிவைத்த எல்லைக்கற்கள் அவை.

இந்த மலைநாட்டின் பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. வேறு யாரோ, வேறு அவசரத்துக்காக, சில சமயம் கொடிய நோக்கத்தோடு போட்டவை. எந்தப் பாதை யாருடையது என்பதை மிதிப்பவரின் கால்களே ஓரளவு உணர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் பழையவை ஆட்டுத்தடங்கள். உள்ளூரில் அவற்றுக்குத் 'திராய்' என்று பெயர். கோடையில் லாங்குதோக் சமவெளியின் புல் காய்ந்துபோகும். ஜூன் மாதத்தில் இடையர்கள் மந்தைகளைத் திரட்டிக்கொண்டு எகுவால், லோசேர் மலைகளின் பசுமைக்கு ஏறுவார்கள். இலையுதிர்காலக் குளிர் தொடங்கும்போது இறங்குவார்கள். திராய் பள்ளத்தாக்குக்குள் போவதில்லை. அங்கே பயிர் உண்டு, ஆறு உண்டு, பயிரை மேயவிட்டால் சண்டையும் உண்டு. ஆகவே அது மலைமுதுகைப் பிடித்துக்கொண்டு நேராக ஏறும். வளைவு கிடையாது, இளைப்பாறும் சமதளம் கிடையாது. நூற்றாண்டுக் கணக்கில் குளம்புகள் மிதித்துப் பெயர்த்த சரளைக் கற்கள் சக்கரத்தடியில் உருளும். ஏறும்போது பலர் இறங்கித் தள்ளுவது இந்தத் தடங்களில்தான். ஆனால் செவெனின் அகலமான காட்சிகள் கிடைப்பதும் இங்கேதான். ஆடுகளுக்காக முகடுவழியே போட்ட வழி அல்லவா!

லோசேரின் மேல்பரப்பில் பனிப்புயல் அடித்தால் கையை நீட்டினால் கை தெரியாது. வழி தவறியவர்கள் ஒலியைப் பிடித்து ஊர் வந்து சேரட்டும் என்று சில குக்கிராமங்கள் சிறு மணிக்கூண்டுகளைக் கட்டிவைத்தன. புயல் நிற்கும்வரை மணி அடிப்பார்கள். அந்தக் கூண்டுகள் சில இன்றும் நிற்கின்றன. தேவாலயம்கூட இல்லாத ஊரில் முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காகக் கல்லடுக்கிக் கட்டிய மணிக்கூண்டை, இந்த மலைநாட்டின் மிக உயர்ந்த கட்டடக்கலை என்றே சொல்லவேண்டும்.

கிழக்கு ஓரமாகப் போகும் ரெகோர்தான் வழியின் கதை வேறு. ல பியூவிலிருந்து சேன் ஜில் வரை யாத்திரிகரும் வணிகரும் போன அந்த வழியில், லா கார்த் கெரன் என்னும் கோட்டையூர் இருக்கிறது. அங்கிருந்த பங்காளிப் பிரபுக்கள் வழிப்போக்கருக்குத் துணைவந்து காவல் கொடுத்தார்கள், அதற்குச் சுங்கமும் வாங்கினார்கள். பழைய வண்டிச் சக்கரங்களின் பள்ளம் அந்த வழியின் பாறைகளில் இன்னும் பதிந்திருக்கிறது.

ஏற்றம் திடீரென்று இதமாகி, ஒரே சீராக வளைந்து வளைந்து போகும் அகலமான பழஞ்சாலை ஒன்று வந்தால், அது பதினான்காம் லூயியின் காலத்தியதாக இருக்கலாம். அந்த இதத்தின் காரணம் மனதைப் பிசைவது.

1598இல் நான்காம் ஹென்றி வெளியிட்ட நாந்த் சாசனம் பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்தினருக்கு வழிபாட்டு உரிமை தந்தது. 1685இல் லூயி அதை ரத்து செய்தார். போதகர்கள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும்; மற்றவர்கள் வெளியேறக்கூடாது, மதம் மாறவேண்டும். செவென் மலைமக்களில் மிகப் பலர் புராட்டஸ்தாந்தினர். அவர்கள் இரவில் காட்டிலும் குகையிலும் கூடி ஜெபித்தார்கள். கூட்டத்தைக் கலைக்கச் சிப்பாய்கள் போகவேண்டுமானால் வழி வேண்டுமே? அதே ஆண்டு லாங்குதோக் மாகாண ஆட்சியாளராக வந்த லாமுவாஞோன் த பாவீல், கழுதைத்தடங்களை அகட்டிப் படையும் பீரங்கியும் போகும் சாலைகளாக்கத் தொடங்கினார். ஃப்ளொராக்கையும் சேன் ஜான் து கார் ஊரையும் இணைத்து முகட்டில் ஓடும் 'கொர்னீஷ்' சாலை இந்த வேலையின் பெயர்போன மிச்சம். இன்று அது தார்ச்சாலை. பீரங்கி ஏறவேண்டும் என்பதற்காகவே சரிவு தணிக்கப்பட்டது.

1702 ஜூலை 24 இரவு, போன் த மோன்வேர் ஊரில் பாதிரியார் து ஷேலாவின் வீட்டைச் சுற்றி ஒரு கூட்டம் சங்கீதம் பாடிக்கொண்டே வந்தது. நாட்டைவிட்டுத் தப்ப முயன்றவர்களை அவர் அங்கே அடைத்துவைத்திருந்தார். கைதிகளை விடுவித்த கூட்டம் அவரைக் கொன்றது. தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான எஸ்பிரி செகியே சில வாரங்களில் பிடிபட்டு, அதே ஊரில் உயிரோடு எரிக்கப்பட்டார். கமிசார்கள் எனப்பட்ட புராட்டஸ்தாந்துப் போராளிகளின் போர் இப்படித் தொடங்கியது. பேக்கரியில் தொழில் பழகியிருந்த ஜான் கவாலியே என்ற இளைஞனும், ரோலான் என்று அழைக்கப்பட்ட பியேர் லபோர்த்தும் மன்னரின் படைகளை மலைக்குள் அலையவிட்டார்கள். சில ஆயிரம் உழவர்களும் கம்பளி நெசவாளர்களும் ஆட்டுத்தடங்களில் நடந்தார்கள். படை அரச சாலைகளில் நடந்தது. இரண்டு பாதை முறைகள் மோதிக்கொண்ட போர் என்றே இதைச் சொல்லலாம்.

1703 இலையுதிர்காலத்தில், போராளிகளுக்குச் சோறும் கூரையும் கிடைக்காமல் செய்ய உயர் செவெனின் 466 ஊர்களையும் குக்கிராமங்களையும் அழிக்க ஆணை பிறந்தது. முதலில் கடப்பாரையால் இடித்தார்கள். கனத்த கற்சுவர்கள் லேசில் விழவில்லை. பிறகு தீ வைக்க அனுமதி வாங்கினார்கள். 1704இல் கவாலியே சமரசத்துக்கு இணங்கினார், ரோலான் கொல்லப்பட்டார். வெளிநாடு போன கவாலியே ஆங்கிலேயப் படையில் சேர்ந்து தளபதியாக உயர்ந்தார். ரோலான் பிறந்த மாஸ் சூபேரான் வீடு இன்று அருங்காட்சியகம். புராட்டஸ்தாந்தினருக்குச் சட்டப்படியான இருப்பு 1787இல்தான் மீண்டும் கிடைத்தது.

அடிப்பள்ளத்தாக்குகளில் இருப்பது இன்னொரு வகைப் பாதை. ஏடு ஏடாகப் பிளக்கும் சிஸ்ட் கற்களைச் செங்குத்தாக நட்டுத் தளமிட்ட கோவேறுகழுதை வழிகள் அவை. மழைநீர் பாதையை அரிக்காமல் ஒதுங்க, குறுக்கே சாய்வாகக் கல் வரிசை பதித்திருப்பார்கள். இங்கே அது சாதாரணத் தேவை அல்ல. எகுவாலின் அடிவாரத்திலுள்ள வல்ரோக் ஊரில் 1900 செப்டம்பர் 29 அன்று பத்து மணி நேரத்தில் 950 மில்லிமீட்டர் மழை கொட்டியதாகப் பதிவு இருக்கிறது. அப்படிப்பட்ட மழையில் மண்ணைப் பிடித்துவைக்கத்தான் சரிவு முழுக்கச் சாந்தில்லாத கற்சுவர் எழுப்பி அடுக்கு நிலங்களை உண்டாக்கினார்கள். அடித்துப்போன மண்ணைக் கூடையில் சுமந்து திரும்பவும் மேலே கொட்டினார்கள். அந்த அடுக்குகளில் செஸ்ட்நட் மரம் சோறு போட்டது. 1709ஆம் ஆண்டின் கடுங்குளிருக்குப் பின் மல்பெரி பரவி, பட்டு காசு கொடுத்தது. 1850களில் பட்டுப்புழு நோய் வந்து அந்தக் காசும் போயிற்று. லூயி பாஸ்டர் 1865 முதல் சில ஆண்டுகள் அலேஸில் ஆய்வு நடத்தி, நோயற்ற முட்டைகளைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார். ஆனாலும் பழைய செழிப்பு திரும்பவில்லை. மக்கள் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் இறங்கினார்கள்.

ஆள் இறங்கிய இடத்தில் மரம் ஏறியது. மேய்ச்சலாலும் விறகுவெட்டாலும் மொட்டையாகியிருந்த எகுவாலில் வனத்துறை அதிகாரி ஜார்ஜ் ஃபாப்ர், இடையர்களின் எதிர்ப்பைச் சமாளித்துக் காடு வளர்த்தார். இந்த மலையின் மணல்தான் அட்லாண்டிக் பக்கத்துப் போர்தோ துறைமுகத்தைத் தூர்க்கிறது என்பது அவர் வாதம். 1894இல் திறந்த உச்சி வானிலை நிலையமும் அவர் முயற்சியே. இன்று சைக்கிள்கள் நிழலில் ஓடும் வனப் பாதைகள் அந்தக் காட்டு வேலையின் பின்விளைவு.

1878 இலையுதிர்காலத்தில் எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் ஒரு கழுதையோடு இந்த மலைகளைப் பன்னிரண்டு நாளில் கடந்தார். அவர் நூல் கமிசார்களின் கதையை ஆங்கில வாசகரிடம் கொண்டுசேர்த்தது. அவர் போன தடம் இன்று நெடுந்தூர நடைவழி. 1970இல் தேசியப் பூங்கா வந்தது. மக்கள் குடியிருப்பதையும் மேய்ச்சலையும் அது தன் மையப் பகுதியிலேயே ஏற்றுக்கொண்டது. 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் மலையழகுக்காக அல்ல, ஆடு மேய்த்து உருவாக்கிய நிலம் என்பதற்காகத்தான். சாந்தில்லாமல் கல்லடுக்கும் கலையை 2018இல் அதே அமைப்பு தனியாக அங்கீகரித்தது.

சைக்கிள்காரர்களுக்கு இதிலெல்லாம் பங்கு உண்டு. ஆள் நடமாட்டம் நின்ற வழியைப் புதர் சில ஆண்டுகளில் விழுங்கிவிடும். சக்கரங்கள் பல தடங்களை உயிரோடு வைத்திருக்கின்றன. அதே சக்கரம் இறக்கத்தில் பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சறுக்கினால், செங்குத்தாக நட்ட கல் ஆட்டம் காணும். ஒரு கல் பெயர்ந்தால் அடுத்த அடைமழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்தத் தளத்தில் இறங்கி நடப்பதில் குறைச்சல் எதுவும் இல்லை.

மந்தைகளும் இன்னும் ஏறுகின்றன, முன்போல அத்தனை இல்லை என்றாலும். ஓநாய்கள் திரும்பி வந்திருப்பதால் பல மந்தைகளோடு பெரிய வெள்ளைக் காவல்நாய்கள் வருகின்றன. வேகமாக வரும் சைக்கிளை அவை எதிரியாகவே பார்க்கும். தொலைவிலேயே இறங்கி, சைக்கிளைத் தனக்கும் நாய்க்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, மெல்லப் பேசியபடி மந்தையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதே அங்கே தரும் அறிவுரை.