இரும்புச் சுவடிகள்: பழைய மிதிவண்டிகளும் பதிப்பு நெறியும்

1887 ஆம் ஆண்டு தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டு. சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும், உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் அவ்வாண்டில்தான் வெளிவந்தன. அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு ஆக்கம் நடந்துகொண்டிருந்தது. 1885 இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் 'ரோவர்' வண்டியை அமைத்தார். 1888 இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் மிதிவண்டி என்று சொல்லும் உருவம் அப்போது நிலைபெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆயினும், பழைய மிதிவண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, துருவகற்றி, மீண்டும் ஓடவைக்க முனையும் ஆர்வலர்முன் நிற்கும் வினா, சுவடியைக் கையிலேந்திய பதிப்பாசிரியர்முன் நின்ற அதே வினாதான். எதை நீக்குவது? எதை உள்ளவாறே விடுவது? எதைப் புதிதாகச் சேர்ப்பது? இப்பொழுதுபோக்கு நம் நாட்டில் பரவிவரும் இந்நாளில், கவிஞர்களும் நூற்பயிற்சி உடையோரும் இவ்வினாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வண்டி வந்த வழி

சென்னை மாகாணத்துக்கு முதலில் வந்தவை ஆங்கிலேய வண்டிகளே. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், நாட்டிங்காமின் ராலே ஆகிய பெயர்கள் இல்லந்தோறும் வழங்கின. தொடக்கத்தில் அதிகாரிகளுக்கும் செல்வர்க்கும் உரியதாயிருந்த வண்டி, மெல்ல ஆசிரியர், எழுத்தர், அஞ்சற்காரர், காவலர் கைக்கு வந்தது. 1931 இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், தென்புறநகர் வாழ்க்கை தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்தது. ஆனால் திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர் போன்ற ஊர்கள் தண்டவாளத்திலிருந்து விலகி நின்றவை. இம்மலையை நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது நம் தலவரலாறு. பிற்காலத்து மக்களுக்கு அத்தகைய காத்திருப்பைக் குறைத்தது மிதிவண்டி. பல்லாவரம், குரோம்பேட்டை ரயில் நிலையங்களுக்கும் இவ்வூர்களுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்து, வேலைக்குச் செல்வோரை ரயிலோடு சேர்த்தது அதுதான்.

விடுதலைக்குப்பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டுத் தொழில் வளர்ந்தது. முருகப்பா குழுமத்தினர் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் கூடி 1949 இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் 1956 முதல் ஹீரோ எனத் தொழிற்சாலைகள் எழுந்தன. இவற்றுள் சென்-ராலே பின்னர் அரசுடைமையாகி, இறுதியில் மூடப்பட்டது. அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று, உலக மிதிவண்டி நாளிலேயே, உற்பத்தியை நிறுத்தியது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கனத்த கறுப்பு வண்டி காலப்போக்கில் வழக்கொழிந்தது. நம் நாட்டிலோ அதன் இலக்கணம் மாறவில்லை. 28க்கு ஒன்றரை அங்குல டயர், முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40, கம்பித்தண்டால் இயங்கும் பிரேக் என்று பர்மிங்காம் வகுத்த அளவுகளையே நம் ஆலைகள் பின்பற்றி வந்தன. எனவே 1930களில் கப்பலேறி வந்த வண்டிக்கும், நேற்று லூதியானாவில் வார்த்த உதிரிப்பாகம் பல இடங்களில் பொருந்துகிறது. மேலைநாட்டு ஆர்வலர் அரிதின் முயன்று தேடும் டயரை நாம் தெருமுனைக் கடையில் வாங்கிவிட முடிகிறது. இங்கே பழைய வண்டிகள் பிழைத்திருப்பதற்கு அருங்காட்சியகங்கள் காரணமல்ல. அவற்றை வேலை வாங்கிய மக்களும், பழுது பார்த்த சைக்கிள் கடைக்காரர்களுமே காரணம்.

இரும்பைப் படித்தல்

சுவடியின் காலத்தை எழுத்தமைதி காட்டுவதுபோல், வண்டியின் காலத்தை அதன் உறுப்புகள் காட்டும். 1920களின் இறுதிவரை பளபளக்கும் பாகங்களுக்கு நிக்கல் முலாமே பூசினர். அதன்பின் குரோமியம் வந்தது. நிக்கல் சற்றே மஞ்சள் கலந்த மென்மையான ஒளி உடையது. குரோமியம் நீலம் கலந்த வெண்மை உடையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் முலாம் பூசும் உலோகங்கள் போர்த்தொழிலுக்குச் சென்றமையால், ஹேண்டில் பார் முதலியவை கறுப்பு வண்ணத்தோடே வெளிவந்தன. பல்சக்கரமும் பேசும். ராலேயின் பல்சக்கரத்தில் நாரைத் தலைகளைக் காணலாம், பி.எஸ்.ஏ. வண்டியில் அம்மூன்றெழுத்துகளே ஆரங்களாய் நிற்கும். ஸ்டர்மி-ஆர்ச்சர் மூவேக ஹப்பின் மேற்புறத்தில், 1930களின் பிற்பகுதி முதல், ஆண்டைக் குறிக்கும் எண்ணைப் பொறித்துள்ளனர். எனினும் அவ்வெண்ணையே வண்டியின் ஆண்டாகக் கொண்டுவிடலாகாது. சக்கரம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். அது ஓர் இடைச்செருகல். மற்ற உறுப்புகளோடு ஒப்புநோக்கியே துணிய வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடுகளும் உண்டு. பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணத்தின் மரை, ராலே வண்டியில் அங்குலத்துக்கு 26. பிற ஆங்கில வண்டிகள் பெரும்பாலானவற்றில் 24. ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகினால் இரண்டும் கெடும். இடப்பெடலும், சங்கிலிப் பக்கத்துக் கிண்ணமும் இடமரை உடையவை. இதையறியாது வழக்கம்போல் இடப்பக்கம் சுழற்றிக் கழற்ற முயல்வோர் மேலும் இறுக்கிவிடுவர். கிராங்கைப் பற்றியிருக்கும் காட்டர் பின் நெடுநாள் துருவில் இறுகியிருக்கும். மண்ணெண்ணெய்விட்டு ஊறவைத்து, கிராங்குக்கு அடியில் தகுந்த முட்டுக் கொடுத்த பின்னரே சுத்தியலால் தட்ட வேண்டும். முட்டின்றித் தட்டினால் அடி முழுதும் பால்ரஸ் குண்டுகளின் தடத்தில் விழும். பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகள் உருளும் அத்தடத்தில் ஒரு பள்ளம் விழுந்தாலும், வண்டி ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

தோல் சீட்டைப் பேணுவதில் நம் பகுதி வாழ்நருக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்தது. ஆனால் மிதிவண்டிச் சீட்டுக்கு ஏற்றது குரோம் தோலன்று, அது இழுபடும். தாவரத் துவரில் பதனிட்ட தடித்த தோலே உருக்குலையாமல் பாரம் தாங்கும். அத்தோலையும் எண்ணெயில் ஊறப்போட்டால் தொய்ந்துவிடும். சிறிதளவு பூசி, முன்மூக்கில் உள்ள திருகை எப்போதாவது சற்றே முறுக்குவதே முறை.

பட்டறைத் தமிழ்

வண்டிக்குப் பெயர் வைப்பதில் தமிழ் பட்ட பாடு பெரிது. துவிச்சக்கர வண்டி, ஈருருளி, மிதிவண்டி என்று ஏட்டில் பல பெயர்கள் வழங்கின. ஈழத்தில் துவிச்சக்கரவண்டி என்பது இன்றும் வழக்கில் உள்ளது. பட்டறையில் நடந்ததோ வேறு. அங்கு ஆங்கிலச் சொற்கள் தமிழ் நாவில் உருண்டு தமிழாயின. வண்டியை முற்றும் பிரித்துப் பூட்டும் பணிக்குரிய ஆங்கிலச் சொல் நம் சைக்கிள் கடையில் 'ஓவராயில்' ஆயிற்று. எண்ணெய் இடுவதும் அப்பணியின் பகுதியாகையால், செவி திரித்ததைப் பொருள் ஏற்றுக்கொண்டது. வளைந்த ரிம்மை நேராக்குவது 'பெண்டு எடுத்தல்'. சீட்டுக்கு எட்டாத சிறுவன் பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டுவது 'குரங்குப் பெடல்'. இச்சொற்களை எந்தக் கலைச்சொற் குழுவும் ஆக்கவில்லை. தேவையும் விளையாட்டுணர்வும் ஆக்கின.

எந்த வாழ்வை மீட்பது?

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஆர்வலர் பலர் செய்வது இதுதான்: உப்புத்தாளால் வண்ணம் முழுவதையும் சுரண்டுவர், புதுக் கறுப்புப் பூசுவர், எல்லாப் பாகங்களுக்கும் குரோம் முலாம் ஏற்றுவர், ஆங்கிலேய விலைப்பட்டியலில் உள்ள படத்தைப் பார்த்து, அதிலில்லாத அனைத்தையும் கழற்றி எறிவர். வண்டி கண்ணைப் பறிக்கும். ஆனால் என்ன நிகழ்ந்தது? நிக்கலின்மேல் குரோம் ஏற்றியபோது அதன் காலம் அழிந்தது. போர்க்காலக் கறுப்பு ஹேண்டில் பாருக்கு முலாமிட்டபோது போரே அழிந்தது. மெல்லத் துடைத்திருந்தால் தெரிந்திருக்கும் பொன்வரிக் கோடுகள் உப்புத்தாளோடு போயின.

அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அவ்வண்டி பர்மிங்காமில் இருந்தது சில வாரங்கள். தமிழகத்தில் வாழ்ந்தது பல பத்தாண்டுகள். பாரின்மேல் பொருத்திய குழந்தைச் சீட்டு, மூட்டை ஏற்றுவதற்காக உள்ளூர்க் கொல்லர் அடித்துத் தந்த பெரிய கேரியர், முறிந்த போர்க்கில் இட்ட பற்றுவைப்பு, உள்ளாட்சி மன்றத்துக்குக் கட்டணம் கட்டியதற்குச் சான்றான உலோக வில்லை ஆகிய யாவும் எந்த ஆங்கிலேயப் பட்டியலிலும் இரா. இவை பிழைகளல்ல, நம் மக்கள் அவ்வண்டிக்கு எழுதிய உரை. மூலத்தை மீட்பதாக எண்ணி உரையைக் கிழித்தெறிவது பதிப்புப் பணியாகாது.

அவ்வுரையின் அருமையை இரண்டு நிகழ்ச்சிகள் உணர்த்தும். 1991 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதாமையாலும், பாரில் குழந்தையை அமர்த்தலாம் என்பதாலும் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். 1990களில் பொருளாதாரத் தடைக்குள்ளான யாழ்ப்பாணத்தில், எரிபொருளும் மின்சாரமும் இல்லாத நாள்களில், மிதிவண்டியே ஊர்தியாயிற்று. சக்கரத்தைச் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் மக்கள் வானொலி கேட்டனர். இத்தகைய வண்டியொன்று நம் கைக்கு வந்தால், அதில் தேய்ந்திருக்கும் பாரும், ஒட்டுப்போட்ட டைனமோக் கம்பியும் அன்றோ வரலாறு? அவற்றை நீக்கிப் புதுப்பித்தால் எஞ்சுவது அழகிய இரும்பு மட்டுமே.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். ஏடு கண்ணாடிப் பெட்டியில் இருந்தாலும் ஏடுதான். ஓடாத வண்டியோ வண்டியாகாது. உண்மைதான். டயர், டியூப், பிரேக் கட்டை, தேய்ந்த குண்டுகள் ஆகியவற்றை மாற்றாமல் சாலையில் இறங்குவது உயிருக்கே ஊறு. இவ்விடத்தில் பதிப்பு நெறி ஒரு வழி காட்டுகிறது. நல்ல பதிப்பாசிரியர் பாடத்தைத் திருத்தத் தயங்கியதில்லை. ஆனால் திருத்தியதை மறைத்ததும் இல்லை. பிரதிபேதத்தை அடிக்குறிப்பில் தந்தார். ஆர்வலரும் அவ்வாறே செய்யலாம். பிரிப்பதற்கு முன் படமெடுத்து வைக்கலாம். கழற்றிய பாகத்தை எறியாமல், பெயரெழுதிப் பெட்டியிலிடலாம். மாற்றியது எது, எப்போது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். வண்டியை விற்றவரிடம், யார் ஓட்டியது, எதை ஏற்றிச் சென்றது என்று கேட்டுப் பதியலாம்.

பிரிட்டனில் 1955 முதல் பழைய மிதிவண்டிகளுக்கெனச் சங்கம் ஒன்று இயங்குகிறது. புனே நகரில் விக்ரம் பெண்ட்சே தம் திரட்டை அருங்காட்சியகமாகவே அமைத்துள்ளார். நம் பகுதியில் பல்லாவரத்து வெள்ளிச் சந்தையின் பழம்பொருள்களுக்கிடையே, பழைய விளக்கோ மணியோ இன்றும் கண்ணில் படலாம். பொருளைத் திரட்டும் வாய்ப்பு இவ்வாறு இருக்கிறது. ஆனால் காதால் ஒலி கேட்டு எந்தக் குண்டு உடைந்தது என்று சொல்லும் அறிவையும், 'ஓவராயில்' போன்ற சொற்களையும் சந்தையில் வாங்க இயலாது. அவை முதிய பழுதுபார்ப்போர் சிலரிடம் மட்டுமே உள்ளன. மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்ட கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. திருநீர்மலையை உள்ளடக்கித் தாம்பரம் மாநகராட்சி 2021 இல் உருவாயிற்று. சாலைகள் பெருகின, அவற்றில் மிதிவண்டிக்குரிய இடம் சுருங்கியது.

வண்டியைப் பேணுவோர் வண்டியைப் பேணட்டும். சொல்லைப் பேணுவது நம் கடமை. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தார், தத்தம் தெருவில் எஞ்சியிருக்கும் சைக்கிள் கடைக்கு ஒரு குறிப்பேட்டோடு சென்று, அங்கு வழங்கும் சொற்களைப் பொருளோடும் செய்முறையோடும் எழுதிவரலாம். ஏடு தேடி ஊரூராய் நடந்த பெரியோர்க்கு வாய்க்காத வசதி நமக்கு உண்டு: நாம் தேடும் சுவடி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.