கல்கத்தாவின் கீழைப் பழனங்கள்

பழனம் என்னுஞ் சொல் நீர் தங்கிய நிலத்துக்கும் வயலுக்கும் பெயராய் வழங்குவது; திருவையாற்றினயலிலுள்ள திருப்பழனம் இப்பெயருடைய திருப்பதியாதலை அன்பர் அறிவர். அத்தகைய நிலம் ஒரு மாநகரின் அழுக்குநீரைத் தூய்தாக்கிப் புள்ளினங்களையும் புரந்துவரும் வரலாறொன்று வங்கநாட்டுக் கல்கத்தாவின் கீழ்பால் உளது. அதனை ஈண்டுக் கூறுவாம்.

அந்நகரம் ஹூக்ளியாற்றங்கரையில் இருப்பினும், நிலச்சாய்வு அவ்யாற்றை நோக்கியதன்று. கிழக்கேயுள்ள உவர்நீர் ஏரிகளை நோக்கியது. ஆதலின் நகரக் கழிநீர் அவ்வழியே வித்தியாதரி யாற்றிற் செலுத்தப்பட்டது. அவ்யாறோ வண்டல் மண்டித் தூர்ந்து, 1928இல் இறந்த யாறென அரசினராற் சொல்லப்பட்டது. கடலோதம் வரப்பெறாமையின் ஏரிகளில் உவர்நீர் மீன் குன்றியது. அந்நிலையில், கழிநீரையே குளங்களில் விட்டு நன்னீர்மீன் வளர்க்கத் துணிந்தனர் ஆண்டுள்ள மீன்வளர்ப்போர். பள்ளியிற் பயின்ற கல்வியன்று அது, பழகி அறிந்தது.

முறை இதுவாம்: குளத்தை வற்றச்செய்து வெயிலிற் காயவிடுவர், பின்னர்க் கழிநீரை ஆழமின்றிப் பாய்ச்சி நாட்பல நிறுத்துவர். அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைத்து உணவாகக்கொள்ளும். அச்சிதைவிற் பிறக்கும் உரத்தால் நீர்ப்பாசி தழைக்கும். பாசி பகலொளியில் வெளிவிடும் உயிர்வளி அந்நுண்ணுயிர்கட்கே துணையாம். ஞாயிற்றின் கதிர் நோய்க்கிருமிகளை மாய்க்கும். பாசி அளவிறந்து மிகின் நீர் கெடும். அதனை மேய்ந்து அளவில் நிறுத்துவன மீன்களே. ஆகாயத்தாமரை, பிறவிடத்துப் பெரும்பகையாயினும், ஈண்டுக் கரையோரத்து நின்று அலையைத் தடுத்துக் கரையைக் காக்கும். குளம் நீங்கிய நீர் நெல்வயலுக்கு ஏகும். கொக்கும் நீர்க்காகமும் சதுப்புநிலக் கீரியும் இவ்விடத்தே இரைதேடி வாழ்வன. எனினும் எல்லா நஞ்சும் இங்ஙனம் நீங்குமென்று கொள்ளற்க. தோல் பதனிடும் ஆலைகளினின்று வரும் குரோமியம் நுண்ணுயிர்க்கு உணவாவதன்று.

1960களில் ஏரிகளின் வடபகுதி தூர்க்கப்பட்டுச் சால்ட்லேக் என்னும் புதுநகராயிற்று. எஞ்சிய நிலத்தின் பயனை 1980களில் ஆராய்ந்து உலகறியச் செய்தவர் துருபஜோதி கோஷ் என்னும் பொறியியலறிஞர். தாம் கற்ற நூலறிவைக் காட்டி மீன்வளர்ப்போரைத் திருத்தப் புகாது, அவர்பாற் கேட்டறிந்து எழுதினமையே அவர்க்குப் பெருமையென்பது எம் கருத்து. 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்நிலத்தைத் தூர்த்தலைத் தடுத்தது. 2002இல் 12,500 எக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்ந்தது. 2006இல் மாநிலச் சட்டமும் பிறந்தது. கோஷ் 2018இல் மறைந்தார்.

குளம் ஒழியின் நகரத்தார் கழிநீருக்குப் பெரும்பொருள் செலவிட்டுப் பொறிநிலையம் அமைத்தல் வேண்டும். எளியோர்க்குக் கிடைக்கும் மலிவான மீனும் குறையும். இஃதறிந்தும், மீனினும் மனைக்கு விலை மிகுதியாதலின், இரவோடிரவாக மண்கொட்டிக் குளந்தூர்ப்போர் இன்னும் ஒழிந்திலர்.