கெய்ன்ஸின் இரண்டு நாற்காலிகள்

2006 டிசம்பர் கடைசியில் பிரிட்டன் ஒரு பழைய கடனை அடைத்து முடித்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்காவிடம் வாங்கிய கடன் அது. அந்தக் கணக்கைப் படிக்கப் போய்த்தான் நான் இன்னொரு கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் அமெரிக்கக் கதை. 1941 மார்ச்சில் வந்த லெண்ட்-லீஸ் சட்டப்படி, கையில் காசு வாங்காமலே பிரிட்டனுக்கு ஆயுதமும் உணவும் போயின. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் ட்ரூமன் அதைச் சட்டென்று நிறுத்திவிட்டார். பொருளாதார மேதை கெய்ன்ஸ் வாஷிங்டனுக்கு ஓடினார். பொது எதிரியோடு போராடித்தான் பிரிட்டன் ஓட்டாண்டி ஆனது, அந்தத் தியாகத்துக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்பது அவர் வாதம். 500 கோடி டாலரை இனாமாக எதிர்பார்த்தார். கிடைத்தது 375 கோடி, அதுவும் 2 சதவீத வட்டிக்கு.

பாவம் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் அப்போது பிரிட்டன் இந்தியாவுக்கும் கடன்பட்டிருந்தது, சுமார் 130 கோடி பவுண்டு!

இது எப்படி வந்தது? 1939 நவம்பர் ஒப்பந்தப்படி, இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கு மேல் ஆகும் போர்ச்செலவு பிரிட்டனுடையது. ஆனால் ரொக்கமாகத் தரவில்லை. லண்டனில் ஸ்டெர்லிங்காக வரவு எழுதினார்கள். அதைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அடித்தது. அரிசி, துணி, சணல் எல்லாம் ராணுவத்துக்குப் போச்சு, ஊருக்குள் நோட்டு மட்டும் பெருத்தது. விலை ஏறியது. 1943 வங்காளப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. இந்த விலையேற்றமும் அதில் ஒன்று. ஆக, அந்தப் பவுண்டுகள் நம்ம ஊர் சேமிப்பு இல்லைங்க, பசியிலிருந்து பிடித்தம் செய்த பணம்.

1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழு இதைக் கிளப்பியது. சி.டி.தேஷ்முக், ஏ.டி.ஷ்ராஃப் ஆகியோருடன் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே.சண்முகம் செட்டியாரும் அந்தக் குழுவில் இருந்தார். இந்த நிலுவையில் ஒரு பகுதியையாவது பிற நாணயங்களாக மாற்ற, புதிதாக வரும் பன்னாட்டு நிதியம் உதவணும் என்று கேட்டார்கள். அது நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று மறுத்தவர் யார் தெரியுமா? அதே கெய்ன்ஸ். சர்ச்சிலோ, இந்தியாவைக் காப்பாற்றியதற்கு எதிர்க்கணக்கு எழுதணும் என்ற கட்சி. 1945 கடன் ஒப்பந்தத்திலேயே, ஸ்டெர்லிங் கடன்காரர்கள் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் எழுதப்பட்டது. அமெரிக்காவிடம் தியாகத்துக்கு விலை கேட்டவர்கள், இந்தியாவின் தியாகத்தைத் தள்ளுபடியில் சேர்க்கப் பார்த்தார்கள்.

நல்லவேளை, தள்ளுபடி நடக்கவில்லை. 1948-ல் சுதந்திர இந்தியாவின் நிதியமைச்சராக அதே சண்முகம் செட்டியார் லண்டன் போய்ப் பேசினார். பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டு கழிந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கும் ஒரு பெருந்தொகை அந்த நிலுவையிலிருந்தே போனது. மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

கெய்ன்ஸைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் தன் நாட்டுக்காக வாதாடினார், அவ்வளவுதான். நேச நாடுகள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கும்போது எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால்தான், யார் நாற்காலியில் இருந்தார்கள், யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று தெரிகிறது.